பரோக் எட்சிங் அச்சுகளை நேரில் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனில் மாலை வகுப்பில் எட்சிங் (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுக்கும் முறை) கற்றுக்கொண்டிருந்தபோது ஒரே கேள்வி என்னைப் படுத்தியெடுத்தது. ஸ்பானிய ஓவியர் ரிபேரா 1628இல் போட்ட ‘குடித்துக் கிடக்கும் சிலீனஸ்’ அச்சில், கிரேக்கப் புராணக் கிழவனான சிலீனஸின் அந்தத் தொப்பை எப்படி அவ்வளவு மெத்தென்று வந்திருக்கிறது? கணினித் திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை. அசல் தாளை மேசையில் வைத்து, லென்ஸோடு குனிந்த அன்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அந்த மேசைக்குப் போய்ச் சேரத்தான் எனக்கு மூன்று முயற்சியும் நான்கு மாதமும் ஆனது. முதல்முறை வாசலோடு திரும்பினேன். இரண்டாம் முறை உள்ளே போயும் எதையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. இரண்டுமே யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பரோக் என்று சொல்லும், சுமார் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணியில் வந்த இந்த அச்சுகளில் பெரும்பகுதி சுவரில் மாட்டப்படுவதே இல்லை. வெளிச்சம் பட்டால் தாள் கெடும் என்பதால் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்பதிவு செய்து கேட்டால் எடுத்து வந்து உங்கள் முன்னால் வைப்பார்கள். பட்டம், பல்கலைக்கழகக் கடிதம், பெரிய ஆளின் சிபாரிசு என்று எதுவும் இல்லாமலே நான் பார்த்தேன்.

1. எந்த அறைக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள்

லண்டனில் இருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் ‘பிரிண்ட்ஸ் அண்ட் டிராயிங்ஸ் ஸ்டடி ரூம்’ முதல் தேர்வு. ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் என்றால் அஷ்மோலியன், கேம்பிரிட்ஜ் என்றால் ஃபிட்ஸ்வில்லியம். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்தில் இதே போன்ற அறை உண்டு. பாரிஸில் இருப்பவர்கள் லூவ்ரிலுள்ள ரோத்ஸ்சைல்ட் தொகுப்பையும், ரிஷலியூ வளாகத்தில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் அச்சுப் பிரிவையும் அணுகலாம். நூலகம் என்றால் வாசகர் அட்டை எடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

நான் இங்கே லண்டனை வைத்தே எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

2. ஆறு தாளுக்கு மேல் கேட்காதீர்கள்

என் இரண்டாம் முயற்சி கெட்டது இங்கேதான். கிடைத்த வாய்ப்பை விடக்கூடாது என்று இருபத்திரண்டு அச்சுகள் கேட்டு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிவிட்டு எதையும் சாப்பிடாமல் எழுந்த மாதிரி ஆனது.

ஒரு தாளுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். காலை அமர்வு முழுவதும் கிடைத்தால் ஆறு தாள், மதியம் மட்டும் என்றால் மூன்று. புராணக் காட்சிகள் வழியாக எட்சிங் நுட்பத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு என் பட்டியல் இது:

ரிபேரா, ‘குடித்துக் கிடக்கும் சிலீனஸ்’, நேப்பிள்ஸ், 1628. உடல் சதையைப் புள்ளிகளால் கட்டுவதைப் பார்க்க.

ரெம்பிராண்ட், ‘நீராடும் டயானா’, சுமார் 1631. பார்ட்ஷ் தொகுத்த அச்சு அட்டவணையில் எண் 201. இதற்காக அவர் கறுப்புச் சாக்கட்டியால் வரைந்த ஓவியமும் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளாட் லொரேன், ‘யூரோப்பா கவரப்படுதல்’, ரோம், 1634. அமிலத்தின் ஆழ வித்தியாசத்தைப் பார்க்க.

சால்வதோர் ரோசா, ‘அரக்கர்களின் வீழ்ச்சி’, 1663. ஏறக்குறைய 72 செ.மீ. உயரம். இவ்வளவு பெரிய தாளைத் தனி அட்டையில் வைத்திருப்பார்கள், எடுத்து வர நேரமாகும் என்பதால் கடிதத்திலேயே அளவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ரெம்பிராண்ட், ‘ஜூபிடரும் அந்தியோப்பேயும்’, 1659, பார்ட்ஷ் 203. எட்சிங், பியூரின் (செம்பை நேரே வெட்டும் உளி), டிரைபாயின்ட் (அமிலம் இல்லாமல் ஊசியால் செம்பைக் கீறுவது) மூன்றும் ஒரே தகட்டில்.

டயானாவின் சாக்கட்டி ஓவியத்தோடு ஆறு ஆகிவிட்டது. இத்தோடு நிறுத்துங்கள்.

3. சேர்க்கை எண்ணை (அருங்காட்சியகம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் எண்) குறித்து எடுங்கள்

“ரெம்பிராண்டின் டயானா” என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே அச்சின் பல பிரதிகள் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கும். ஒன்று தகடு புதிதாக இருந்தபோது எடுத்தது, இன்னொன்று தேய்ந்த பிறகு எடுத்தது, மூன்றாவது வேறு யாரோ பார்த்துப் போட்ட நகல். எண் தராவிட்டால் எது வருமென்று சொல்ல முடியாது.

இணைய அட்டவணையில் தேடி ஒவ்வொரு பிரதியின் பதிவையும் திறந்து பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் எண்ணின் அமைப்பு பெரும்பாலும் இப்படி: முதலில் சேர்க்கப்பட்ட ஆண்டு, ஒரு காற்புள்ளி, மாதமும் நாளும் நான்கு இலக்கமாக, ஒரு புள்ளி, கடைசியில் வரிசை எண். பழைய சேர்க்கைகள் சிலவற்றில் ஆண்டுக்குப் பதில் எழுத்து இருக்கும். ஒரு புள்ளி மாறினாலும் வேறு பொருள் வரும், அதனால் பார்த்து எழுதாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

பதிவில் ‘நிலை’ என்ன என்றும் பாருங்கள். தகட்டில் கலைஞரோ வெளியீட்டாளரோ எதையாவது சேர்த்தோ அழித்தோ மறுபடி அச்சிட்டால் அது அடுத்த நிலை. ரிபேராவின் சிலீனஸில் முதலில் இல்லாத அர்ப்பணிப்பு வாசகம் பின்னால் வந்த நிலையில் இருக்கிறது. முதல் பயணத்தில் முடிந்தவரை முந்தைய நிலையையே கேளுங்கள்.

4. மின்னஞ்சல் அனுப்புங்கள், மூன்று வாரமாவது முன்னதாக

யார் நீங்கள், எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள், எந்த நாள், மாற்று நாள் இரண்டு, தாள்களின் எண்கள். இவ்வளவுதான். “எட்சிங் கற்கும் மாணவி, கோடுகளின் அமில ஆழத்தைப் பார்க்க வேண்டும்” என்று ஒரே வரி எழுதினேன். அதைப் படித்துவிட்டு மேசை விளக்கும் உருப்பெருக்கியும் எடுத்து வைத்திருந்தார்கள். காரணத்தை உள்ளபடியே எழுதுவதில் இப்படி ஒரு பயன் உண்டு.

கேட்ட தாள் கண்காட்சிக்கோ கடனாக வேறு ஊருக்கோ போயிருக்கலாம். பதில் மடலில் அதைச் சொல்லியிருப்பார்கள். அவசரத்தில் கடைசிப் பத்தியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். திறந்திருக்கும் நாளும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் இணையதளத்தை இன்னொரு முறை பாருங்கள்.

5. ஆவணங்கள்: பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்

நான் வாசலோடு திரும்பியது இதனால்தான். எந்த இடம் என்பது வேண்டாம். தவறு என்னுடையது. நான் எல்லா இடத்திலும் எழுதும் பெயர் இனிஷியலோடு சேர்ந்த பெயர், மின்னஞ்சலிலும் அதுவே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் முன்பின்னாக. பதிவேட்டில் இருந்த ஆளும் நானும் ஒரே ஆள் என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெயர் வழக்கம் தெரியாதவர்களிடம் வரிசையில் நின்று விளக்குவது நடக்காத காரியம்.

ஆகவே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே வரிசையில், முன்பதிவு செய்யுங்கள். புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ் சரி. பிரிட்டனில் விசாவில் இருப்பவர்கள் பழைய பி.ஆர்.பி. (குடியிருப்பு அனுமதி) அட்டையை நம்பிப் போகாதீர்கள். அந்த அட்டைகள் 2024 கடைசியோடு காலாவதியாகிவிட்டன. இ-விசா கணக்கு திரையில்தான் இருக்கிறது, அதைப் புகைப்பட அட்டையாகக் காட்ட முடியாது. முன்பதிவை உறுதி செய்த மடலையும் ஒரு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் முகவரிச் சான்றும் கேட்பார்கள், அது பதில் மடலிலேயே இருக்கும்.

6. செலவு

பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைவு இலவசம், அச்சு அறைக்கும் கட்டணம் கிடையாது. உங்கள் பணம் போவது ரயிலுக்கும் ஒரு லென்ஸுக்கும்தான். லென்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ்தான் வேண்டியது. பூதக்கண்ணாடி என்று பெரிதாக விற்பவை இரண்டு மூன்று மடங்கைத் தாண்டாது, அவற்றில் கோட்டின் விளிம்பு தெரியாது.

வேலைநாளில்தான் அறை திறந்திருக்கும் என்பதால் பலருக்கு உண்மையான செலவு அரை நாள் விடுப்பு.

7. அறைக்குள்

பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. பை, கோட், தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கரில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்கள் அன்று எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள்.

தாள் அட்டைச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு கையாலும் அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அச்சைத் தொடாதீர்கள், கவிழ்க்காதீர்கள். பெட்டியில் வந்த வரிசை மாறாமல் திருப்பி வையுங்கள். பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருப்பவரைக் கூப்பிடுங்கள். நீர்க்குறி பார்க்க ஒளித்தகடு வேண்டுமென்றாலும் அப்படியே.

8. படத்துக்கு முன் தாளைப் பாருங்கள்

தகட்டை ஈரத்தாளோடு சேர்த்து அழுத்தும்போது அதன் ஓரம் தாளில் பதியும். அந்தத் தடம் தெரிகிறதா? தெரியாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய சேகரிப்பாளர்கள் தாளைத் தடம் வரைக்கும், சில சமயம் அதற்கு உள்ளேயும்கூட வெட்டியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு அச்சுகளில் இது மிகச் சாதாரணம்.

அடுத்து தாளின் நெசவு. அந்தக் காலத் தாளில் கம்பிச் சல்லடையின் கோடுகள், ஒரு திசையில் நெருக்கமாகவும் அதற்குக் குறுக்கே இடைவெளி விட்டும் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. ரோசாவுக்கு இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவருடைய செப்புத் தகடுகள் பல ரோமில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. அவர் இறந்து நெடுங்காலம் கழித்தும் அவற்றிலிருந்து அச்செடுத்திருக்கிறார்கள். தகடு அவருடையதுதான், ஆனால் தேய்ந்த தகட்டிலிருந்து வந்த கோட்டை வைத்து அவர் கையின் நுட்பத்தை எடை போட முடியாது.

9. கோட்டின் முனையைப் பாருங்கள்

இதற்குத்தான் இவ்வளவு பாடும். பாதி நேரத்தை இங்கேயே செலவிடுங்கள்.

எட்சிங்கில் செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு. ஊசி கீறுவது அந்தப் பூச்சைத்தான், செம்பை அரிப்பது அமிலம். மெழுகில் ஊசி எந்தத் தடையும் இல்லாமல் பேனா மாதிரி ஓடும். அதனால் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மழுங்கலாக, தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பியூரினால் வெட்டும்போது நேரே செம்பையே உழ வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் கையில் இருக்கும் அந்த அழுத்தம்தான். கூராக நுழைந்து, நடுவில் தடித்து, மறுபடி கூராக வெளியேறும். லென்ஸை வைத்து முனைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் எது எட்சிங், எங்கே பியூரின் புகுந்திருக்கிறது என்று பிரித்துவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சு அச்சுகளில் முனை கூராக இருந்தாலும் எட்சிங்காக இருக்கலாம். நான்சி நகரத்து அச்சுக் கலைஞர் கலோ சாய்வாகச் சீவிய முனை கொண்ட ‘எஷொப்’ என்ற கருவியைக் கெட்டி வார்னிஷ் பூசிய தகட்டில் ஓட்டினார். கருவியைத் திருப்பத் திருப்ப கோடு தடிக்கும், மெலியும். பாரிஸில் அச்சுக் கலைஞர் ஆப்ரஹாம் பொஸ் 1645இல் எழுதிய கைநூல் இதை வரி வரியாகக் கற்றுக்கொடுத்தது. அந்த மாதிரி அச்சில் முனையை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். அமிலம் அரித்த விளிம்பு பத்து மடங்கில் லேசாகப் பிசிறடித்துத் தெரியும், பியூரின் வெட்டிய விளிம்பு கத்தி வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும்.

இப்போது கிளாடின் யூரோப்பா. முன்னால் மரமும் மாடுகளும் கறுத்து நிற்கின்றன, தூரத்துக் கடலும் மலையும் மூச்சுக்காற்றில் கலைந்துவிடும் போல மெலிந்திருக்கின்றன. ஊசியை மெதுவாக அழுத்தினால் மெல்லிய கோடு, பலமாக அழுத்தினால் கறுப்பு என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி அழுத்தி அழுத்தி என் தகடுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக வந்தன. கறுப்பைத் தீர்மானிப்பது கையழுத்தம் இல்லை, அமிலத்தில் கிடக்கும் நேரம். தூரத்துப் பகுதி கொஞ்சம் அரித்ததும் தகட்டை எடுத்து, அங்கே மட்டும் பூசி மூடிவிட்டு, மறுபடி அமிலத்தில் விட வேண்டும். பொஸ் காலத்தில் மூடுவதற்குக் கொழுப்பும் எண்ணெயும் கலந்த பசை. இன்று வகுப்பில் நமக்கு வார்னிஷ்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வெளிச்சத்தைச் சாய்வாக விழச் சொல்லுங்கள். ஆழமாக அரித்த கோட்டில் மை தாளுக்கு மேலே மேடாக நிற்கும். தொலைவில் உள்ள கோடுகள் தட்டையாகக் கிடக்கும். படத்தில் எது எத்தனை முறை அமிலத்தில் போனது என்பதை அந்த மேட்டை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். எந்தத் திரையும் இதைக் காட்டாது.

அதே வெளிச்சத்தில் டயானாவின் சாக்கட்டி ஓவியத்தையும் வையுங்கள். உருவக் கோடுகளின் மேல் மழுங்கிய ஊசியால் அழுத்திய பள்ளம் ஓடுவது தெரியும். ஓவியத்தை மெழுகுத் தகட்டின் மேல் வைத்து அழுத்தித்தான் உருவத்தை ஏற்றியிருக்கிறார். அதனால் அளவு அப்படியே இருக்கிறது, திசை மட்டும் மாறிவிட்டது. ஓவியத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பின்னணி இலை தழைகளை ஏற்றிய பிறகு தகட்டிலேயே விரித்துக்கொண்டு போயிருப்பதும் புரியும். எதை முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும், எதைக் கைக்கு விட வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

அந்தியோப்பேயில் கோடு ஓரமாகப் பட்டுத்துணி மாதிரி மங்கலாகப் படர்ந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள். அது டிரைபாயின்ட். ஊசியால் செம்பை நேரே கீறும்போது ஓரத்தில் எழும் சுருள் மையைப் பிடித்துக்கொள்வதால் வரும் மங்கல். சில பத்துத் தாள் எடுப்பதற்குள் அந்தச் சுருள் நசுங்கிவிடும். மங்கல் செழிப்பாக இருந்தால் தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதி.

கடைசியில் சிலீனஸுக்கு வாருங்கள். தொப்பையின் வெளிக்கோடு உறுதியான ஒரே வளைவு. அதற்கு உள்ளே கோடே இல்லாத மாதிரி. லென்ஸை வைத்தால் புள்ளிகள், பொட்டு வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனியாக. நிழல் பக்கம் அவை நெருங்கி, நீண்டு, குட்டிக் கோடுகளாகி, பிறகு குறுக்குக் கோடுகளோடு சேர்கின்றன. வெளிச்சம் படும் உச்சியில் ஒன்றுமே இல்லை, வெறும் தாள். அந்த மெத்தென்ற சதை முழுக்கப் புள்ளிகளின் இடைவெளியில் இருக்கிறது. புள்ளி இல்லாத இடத்திலும் சில துளிகள் சிதறிக் கிடந்தால் குழம்ப வேண்டாம், மெழுகில் விழுந்த ஓட்டை வழியாக அமிலம் இறங்கிய இடமாக இருக்கலாம். ரிபேரா வைத்த புள்ளி வடிவத்தின் வளைவைப் பின்தொடரும், ஓட்டை எங்கே வேண்டுமானாலும் விழும்.

10. எழுத்துகளைப் படியுங்கள்

லத்தீன் தெரியாவிட்டாலும் நான்கைந்து சொல் போதும். ‘இன்வெனிட்’ என்றால் கற்பனை அவருடையது. ‘பின்க்ஸிட்’ என்றால் மூல வண்ண ஓவியம் அவருடையது. ‘ஃபேகிட்’ செய்தவர், ‘ஸ்கல்ப்ஸிட்’ தகட்டில் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ வெளியிட்டவர். பெயர் தெரிந்ததும் அவர்தான் தகட்டில் வேலை செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லைப் பார்த்த பிறகே பெயரை நம்புங்கள். பெரும்பாலும் இவை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கியிருக்கும்.

சிலீனஸில் ரிபேரா தன்னை வலென்சியா நாட்டு ஹாத்திவாவைச் சேர்ந்த ஸ்பானியர் என்று எழுதிவிட்டு, ஊரைப் ‘பார்த்தெனோப்பே’ என்கிறார். நேப்பிள்ஸுக்கு அது பழைய பெயர், யுலிஸஸ் கதையில் வரும் கடல்கன்னி ஒருத்தியின் பெயர். ரோசாவின் அரக்கர்களுக்குக் கீழே, ‘இன்னும் பலமாக விழுவதற்காகவே அவர்கள் உயரத் தூக்கப்படுகிறார்கள்’ என்று பொருள்படும் லத்தீன் வரி இருக்கிறது. மேலே பார்த்துவிட்டுக் கீழே இதைப் படித்தால் அந்தப் பாறைகளின் கனம் இன்னும் கூடுகிறது.

11. படம் எடுப்பதும் பிறகு பயன்படுத்துவதும்

சொந்தப் படிப்புக்காக ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுக்கப் பொதுவாக விடுவார்கள், முதலில் கேட்டுவிடுங்கள். முழுத் தாளைப் படம் எடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது இணையத்திலேயே உங்கள் படத்தைவிட நன்றாக இருக்கும். லென்ஸை ஃபோன் கேமரா முன்னால் பிடித்து, பார்த்த இடத்தை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் சேர்க்கை எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் எடுத்த முதல் நாற்பது படங்களில் எது எந்தத் தாளின் மூலை என்று இன்றுவரை தெரியவில்லை.

முழுப் படம் வேண்டுமென்றால் ரைக்ஸ்மியூசியமும் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகமும் காப்புரிமை இல்லாத படைப்புகளின் பெரிய கோப்புகளை எந்தப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருகின்றன. பிரிட்டிஷ் மியூசியம் படங்கள் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். புத்தகம் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் தனி அனுமதி, தனிக் கட்டணம். அதே அச்சின் வேறு பிரதி மெட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கிளம்பும் முன் அறையிலேயே அடுத்த தேதியைக் கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்து குறிப்பைப் படிக்கும்போது பார்க்க மறந்த இடம் குறைந்தது இரண்டு இருக்கும்.